பயிற்சிக் கூட்டத்தில் பேசுவோருக்குக் குறிப்பு எழுதும் முறை

நம் ஊராட்சிகளில் எழுந்து நின்று பேசவேண்டிய வாய்ப்புகள் முன்னெப்போதையும்விட இன்று மிகுதி. கிராம சபை மட்டுமே ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகிறது. இவையன்றி உழவர் பயிற்சி, சுயஉதவிக் குழுக் கூட்டம், பருவமழைக்கு முந்திய பேரிடர்ப் பயிற்சி, குடிநீர், சுகாதாரம் பற்றிய கூட்டங்கள் என்று வரிசை நீள்கிறது. இவற்றிற் பேசுவோர் யாவரும் அலுவலர் அல்லர். வார்டு உறுப்பினரும், முன்னோடி உழவரும், குழுத் தலைவியும் இன்று பயிற்றுநர்களாக நிற்கின்றனர். இது வரவேற்கத்தக்க மாறுதலே. ஊரார் சொல்வதை ஊரார் கேட்பதுபோல் வெளியார் சொல்வதைக் கேட்பதில்லை.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. வரப்பில் நின்று மணிக்கணக்கில் தெளிவாகப் பேசும் உழவர், மைக்கின் முன் வந்ததும் சொல்லிழந்து நிற்பதை நாம் காண்கிறோம். வேறு சிலர், துறையினர் அச்சிட்டளித்த கையேட்டைக் கையிலெடுத்து முதற்பக்கம் முதல் படிக்கத் தொடங்கிவிடுகின்றனர். மூன்றாம் பக்கம் வருமுன் பின்வரிசை கலைந்துவிடுகிறது. குற்றம் கையேட்டினுடையது அன்று. கையேடு என்பது கேட்பவர் வீட்டிற்கு எடுத்துச் சென்று விளக்கொளியில் நிதானமாகப் படிப்பதற்கு உரியது. பேசுபவர் கையிலிருக்க வேண்டியது வேறொன்று. அதைப் பேச்சுக் குறிப்பு என்று கூறலாம். அதை எழுதும் முறையைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குறிப்பு என்பது புதிய பொருள் அன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவகர்கள் கையில் படஅட்டைகளைக் கொடுத்தனுப்பினர். அட்டையின் முன்புறம் படம், அது கூட்டத்தினர்க்கு. பின்புறம் நாலைந்து வரி எழுத்து, அது சேவகருக்கு. அட்டையை மார்புக்கு நேரே பிடித்தால் மக்கள் படத்தைப் பார்ப்பர். சேவகர் குனிந்து ஒரு பார்வையில் வரிகளைப் பார்த்துக் கொண்டு, பின் மக்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். இன்று புரொஜெக்டரும் கணினியும் வந்துவிட்டபோதிலும் அப்படஅட்டையின் முதுகுப்புறத்திற்கு ஈடான பாடம் வேறில்லை என்பது நம் கருத்து. அதில் இடம் குறைவு. ஆதலால் எழுதியவர் எதை விடுவது என்று சிந்தித்தே ஆகவேண்டும். இந்நாளிற் பலர் திரையில் முழுப் பத்தியையும் எழுதி வைத்து, மக்களுக்கு முதுகு காட்டி நின்று அதையே படிக்கின்றனர். மின்சாரம் நின்றால் பயிற்சியும் நின்றுவிடுகிறது.

குறிப்பு நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? பேசுபவர் தடையின்றிப் பேசினார் என்பது சான்று ஆகாது. கேட்டவர் வீட்டிற்குப் போய் என்ன சொன்னார் என்பதே சான்று. இதற்கு நம் அண்டை நாடாகிய வங்காள தேசத்தில் நடந்த ஒரு பெரும் பணியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வயிற்றுப்போக்கினால் குழந்தைகள் நீரிழந்து மடிவதைத் தடுக்க, அங்குள்ள பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இவற்றைக் கலக்கித் தருவது எப்படி என்று தாய்மார்களுக்குக் கற்பிப்பதே அவர்கள் பணி. ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இவ்வாறு சென்றனர்.

அவ்வூழியர்கள் சொல்ல வேண்டியவற்றை முதலில் பத்துச் செய்திகளாக வகுத்திருந்தனர். பத்தும் தாய்மார் நினைவில் நிற்கவில்லை. ஆதலின் பின்னர் ஏழாகக் குறைத்தனர். அதனினும் சிறப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. சில நாட்கள் கழித்து வேறொரு குழுவினர் அவ்வீடுகளிற் சிலவற்றிற்குச் சென்று தாயிடம் கேள்வி கேட்பர். கரைசலைக் கலக்கிக் காட்டச் சொல்லுவர். தாய் எவ்வளவு சரியாகச் சொன்னாளோ அதற்கேற்பவே கற்பித்த ஊழியருக்கு ஊதியம். உப்பு மிகுந்தால் கரைசல் குழந்தைக்குக் கேடு விளைக்கும். ஆகவே அங்கே ஒரு சொல் தவறுவது விளையாட்டன்று. நம் பயிற்றுநர்களுக்கும் இவ்வாறு ஊதியம் அளந்தால் எத்தனை பேருக்கு முழு ஊதியம் கிடைக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

(இன்று நம் நாட்டில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமாகவே ஆரம்ப சுகாதார நிலையங்களிற் கிடைக்கிறது. பெரிய பொட்டலத்திற்கு ஒரு லிட்டர் நீர். 200 மில்லி லிட்டருக்கென்றே சிறு பொட்டலமும் உண்டு. வெள்ள காலப் பயிற்சியிற் பேசுவோர், பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள நீரளவைப் படித்துக் காட்டுதல் வேண்டும் என்று குறித்துக் கொள்க.)

இனி, நம் மாவட்டத்து உழவர்க்கு நன்கு பழக்கமான செம்மை நெல் சாகுபடியை எடுத்துக் கொள்வோம். மடகாஸ்கர் தீவில் 1983ஆம் ஆண்டில் லொலானியே என்னும் பாதிரியார் கண்டறிந்த இம்முறை, சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளிலும் பல்லாண்டுகளாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. கையேட்டில் இது எவ்வாறு இருக்கும்? ‘எக்டேருக்கு 7 முதல் 8 கிலோ விதை கொண்டு 100 சதுர மீட்டர் நாற்றங்கால் அமைத்து, 14 நாள் வயதுடைய இளநாற்றுகளை, குத்துக்கு ஒன்றாக, 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர முறையில் நடவு செய்து, நட்ட 10ஆம் நாள் முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை கோனோவீடர் கருவியால் களையெடுத்தல் வேண்டும்’ என்று ஒரே வாக்கியமாக இருக்கும். இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் காதால் கேட்பவர் இவ்வாக்கியத்தின் பாதியிலேயே கணக்கைத் தவற விட்டுவிடுவார்.

இதையே குறிப்பாக எழுதும்போது முதலில் எண்களைக் கேட்பவரின் நிலத்திற்கு இறக்குதல் வேண்டும். எக்டேர் என்பது அலுவலகக் கணக்கு. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை, ஒரு சென்ட் நாற்றங்கால் என்று எழுதுக. காணிக் கணக்குப் பேசும் ஊராயின், ஒரு காணி ஏறக்குறைய 1.32 ஏக்கர் என்பதைக் கொண்டு நாலு கிலோ விதை என்று பக்கத்திலேயே எழுதிக் கொள்க. மேடையில் நின்று பெருக்கிப் பார்க்க எவராலும் இயலாது, பெருக்கினாலும் தவறும். 25 சென்டிமீட்டர் என்பதை ஒரு சாணுக்குச் சற்று மிகுதி என்று சொல்லிக் கையை விரித்துக் காட்டலாம். அதனினும் நன்று, அடையாளமிட்ட நடவுக் கயிற்றைக் கொண்டுவந்து காட்டுவது. ஆகவே குறிப்பில் ‘இடைவெளி’ என்ற சொல்லுக்கு நேரே ‘கயிறு’ என்று எழுதியிருத்தல் வேண்டும். இல்லையேல் கயிறு வீட்டிலேயே இருக்கும்.

இதற்காகவே நாம் தாளை நடுவில் மடித்து எழுதும் வழக்கத்தைப் பரிந்துரைக்கிறோம். இடப்பக்கம் சொல்ல வேண்டியவை. வலப்பக்கம் செய்ய வேண்டியவை. காட்டுக, கேட்க, நிறுத்துக, செய்யச் சொல்லுக என்பன போன்ற ஏவற் சொற்கள் வலப்பக்கத்தில் வரும். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அது பயிற்சி அன்று, சொற்பொழிவு. சொற்பொழிவிற்கு வேறு இடங்கள் உண்டு.

இடப்பக்கத்தில் முழு வாக்கியங்களாக எழுதத்தக்கவை மிகச் சில. தொடக்க வாக்கியத்தை முழுமையாக எழுதுக. ஏனெனில் அச்சம் மிகுந்திருக்கும் நேரம் அது. எண்களையும், நாட்களையும், மருந்தின் பெயரையும் அளவையும், தொலைபேசி எண்ணையும் முழுமையாக எழுதுக. நினைவை நம்ப வேண்டாம். இறுதியில் கேட்போர் என்ன செய்தல் வேண்டும் என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதுக. ஏனையவற்றிற்கு ஒவ்வொரு சொல் போதும். தெருக்கூத்து வாத்தியாரைப் பாருங்கள். பாட்டின் முதலடியைப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதும், வேஷக்காரர் விடியும்வரை ஆடுவார். அறிந்தவருக்கு அடியெடுத்துக் கொடுப்பதே குறிப்பின் வேலை. பொருளை அறியாதவருக்கு எத்துணை நீண்ட குறிப்பும் துணைசெய்யாது.

கேட்போர் யாவர் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுதல் வேண்டும். இது எளிய செய்தியாகத் தோன்றலாம். ஒற்றை நாற்று நடவைப் பற்றிய கூட்டங்களில் நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்கள். நாற்றைப் பிடுங்கி நடுவோரோ பெண்கள். இளநாற்றை வேரும் மண்ணும் விதையும் ஒட்டியவாறே எடுத்து, ஆழமின்றி வைக்க வேண்டும் என்ற நுட்பம் யார் கைகளுக்குத் தெரிய வேண்டுமோ அவர்கள் அக்கூட்டத்தில் இல்லை! பலவூர்களில் நிலமுடையோர் இம்முறையை ஏற்றுக்கொண்டபின்னும் நடவன்று பழைய வழக்கப்படியே நாலைந்து நாற்றாக நட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். ‘கேட்போர்: நடவு செய்யும் பெண்கள்’ என்று தலைப்பில் எழுதத் தொடங்கிய உடனேயே கூட்டத்தின் நேரமும் இடமும் பேச்சும் மாறிவிடும். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்க இயலாது. சமுதாயக் கூடத்தை விட நாற்றங்காலின் ஓரமே ஏற்ற இடம் என்பது விளங்கும். கூலி குறையுமா என்ற கேள்விக்கு விடையும் தேட வேண்டிவரும்.

கேள்விகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். புவனகிரிப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் முதிய உழவர் ஒருவர் எழுந்து, “ஐயா, ஒத்த நாத்து நடச் சொல்றீங்க. அத நண்டு வெட்டிப்புட்டா அந்த எடம் சொட்டையாப் போயிடுமே, அதுக்கு என்ன வழி?” என்று கேட்டார். கடைமடைப் பகுதி வயல்களில் நண்டு இளநாற்றை வெட்டுவது யாவரும் அறிந்ததே. நாலு நாற்று வைத்தால் நண்டு தின்றது போக இரண்டாவது நிற்கும் என்பது அவர்தம் பட்டறிவு. இதற்கு விடை உண்டு: வயலின் ஒரு மூலையில் கொஞ்சம் நாற்றை மிகுதியாக வைத்துக்கொண்டு, நட்ட ஏழு முதல் பத்து நாட்களுக்குள் போக்கிடங்களை நிரப்பிவிட வேண்டும். ஆனால் கையேட்டில் இக்கேள்வி கிடையாது. இத்தகைய கேள்விகளே ஒரு முறையை ஊர் ஏற்குமா, மறுக்குமா என்பதை முடிவு செய்பவை. ஆகவே கூட்டத்திற்கு முந்தின நாள் டீக்கடையிலோ களத்திலோ இரண்டு பேரிடம் பேசி, அவர்கள் சொல்லும் தடைகளைக் குறிப்பின் பின்பக்கத்தில் விடையோடு எழுதிக் கொள்க. விடை தெரியாதவற்றை அண்ணாமலைப் பல்கலைக் கழக வேளாண் புலத்தாரையோ, விருத்தாசலம், பாலூர் ஆராய்ச்சி நிலையத்தாரையோ கேட்டறியலாம். நம் மாவட்டத்தில் இவ்வசதி வேறு பல மாவட்டங்களை விட மிகுதி.

பழைய குறிப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒருமுறை எழுதிய குறிப்பைப் பல்லாண்டு பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிமருந்து ஒரு காலத்தில் எல்லாப் பயிற்சிகளிலும் பரிந்துரைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் அதைத் தடைசெய்தது. 2005இல் எழுதிய குறிப்பைத் தூசி தட்டி எடுத்துப் படிப்பவர் தடைசெய்த நஞ்சை ஊருக்குப் பரிந்துரைப்பவராகிவிடுவார். ஆதலால் ஒவ்வொரு குறிப்பின் கீழும் எழுதிய நாளையும், இச்செய்தி யாரிடம் பெறப்பட்டது என்பதையும் எழுதுக. நாளில்லாத குறிப்பை நம்பக்கூடாது.

பயிற்சியின் பயன் உயிரளவிற்குச் செல்லும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே உள்ள சாமியார்பேட்டை என்னும் மீனவர் ஊரில், மத்திய அரசும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் இணைந்து நடத்திய திட்டத்தின் கீழ் 2004ஆம் ஆண்டிலேயே பேரிடர்ப் பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை செய்வோர், மீட்போர், முதலுதவி செய்வோர் என்று ஊரார் குழுக்களாகப் பிரிந்து பழகியிருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை வந்தது. அச்சொல்லே அதுவரை நம் கடற்கரைக்குப் பழக்கமற்றது. ஆயினும் அலையில் அகப்பட்டோரை மீட்பதிலும் முதலுதவி செய்வதிலும் அப்பயிற்சி கைகொடுத்தது. அவ்வூரிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பயிற்சி இல்லாதிருந்தால் அது இன்னும் மிகுந்திருக்கும். வந்த இடரின் பெயர் பயிற்சியில் இல்லாவிடினும், இன்னார் இன்ன வேலை செய்வது என்பது அவர்கள் மனத்தில் பதிந்திருந்தது. குறிப்பு எழுதுவோர் இதை ஊன்றி நோக்குதல் வேண்டும். புயல் எவ்வாறு உருவாகிறது என்ற விளக்கத்திற்கு நாம் அரைமணி நேரம் செலவிடுகிறோம். பாட்டியை யார் தூக்குவது என்பதற்கு ஐந்து நிமிடங்கூட ஒதுக்குவதில்லை.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015இல் வெள்ளம் வந்தது. எனவே புயல், வெள்ளப் பயிற்சிக்குரிய குறிப்பு ஒன்றை மாதிரியாகக் கீழே தருகிறோம். இதை அப்படியே படியெடுக்காமல் தத்தம் ஊருக்கேற்ப மாற்றிக் கொள்க.

கேட்போர்: கிழக்குத் தெரு, குடும்பத்திற்கு இருவர், ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். நேரம்: மாலை 6.30, மொத்தம் 25 நிமிடம்.

தொடக்கம்: “இன்றிரவு புயல் என்று சொன்னால், உங்கள் வீட்டிலிருந்து நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்கிச் செல்பவர் யார்?”

(கேட்க. ஐந்து வீட்டார் விடை சொல்லும்வரை காத்திருக்க. பெயர்களைப் பலகையில் எழுதுக. 7 நிமிடம்.)

எச்சரிக்கை: வானொலி, தொலைக்காட்சி, தண்டோரா, துறைமுகக் கூண்டு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

(எண்களை எல்லோரையும் ஒருசேரச் சொல்லச் செய்க. இருவர் தத்தம் செல்பேசியில் பதிந்து காட்டட்டும்.)

முகாம்: பள்ளிக்கூடம். சாவி யாரிடம்? அவர் ஊரில் இல்லையேல்?

(சாவி வைத்திருப்பவரை எழுந்து நிற்கச் சொல்லுக.)

புயலின் கண்: காற்றுத் திடீரென ஓய்ந்தால் வெளியே வரக்கூடாது. சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் வீசும்.

(கையால் சுழற்றிக் காட்டுக. இதை இருமுறை சொல்லுக.)

அறுந்த மின்கம்பி, கட்டுத்தறியில் மாடு, குடும்ப அட்டை, பட்டா நகல் உறையில்.

முடிவு: “நாளை மாலைக்குள் ஒவ்வொரு வீட்டாரும் தூக்கிச் செல்ல வேண்டியவர் பெயரை வார்டு உறுப்பினரிடம் கொடுக்க வேண்டும்.”

இக்குறிப்பில் ‘கட்டுத்தறியில் மாடு’ என்று இரண்டு சொற்களே உள்ளன. வெள்ளம் வருமுன் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்பதை நம்மூர்ப் பேச்சாளருக்கு விரித்து எழுதத் தேவையில்லை. ஆனால் காற்று ஓய்ந்தால் வெளியே வரக்கூடாது என்பதை முழுதும் எழுதியிருக்கிறோம். மறந்தால் உயிர் போகும். எதை விரிப்பது, எதைச் சுருக்குவது என்பதற்கு இதுவே நம் அளவுகோல். மீனவர் குப்பங்களிற் பேசுவோர், காற்றுக்கு அவ்வூரார் வழங்கும் வாடை, கொண்டல், கச்சான் முதலிய பெயர்களையே குறிப்பிலும் எழுதுதல் வேண்டும். வடகிழக்கு, தென்மேற்கு என்று சொன்னால் அவர்கள் புரிந்து கொள்வர். ஆயினும் மனத்திற்குள் மொழிபெயர்த்துக் கொள்ளும் அந்நேரத்தில் அடுத்த சொல் தவறிவிடும்.

எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். மாலை வெளிச்சத்தில் நின்றவாறு படிக்க வேண்டும். தாளின் ஒரு புறத்தில் மட்டும் எழுதி, எண்ணிட்டு, கெட்டி அட்டையில் ஒட்டிக் கொண்டால் காற்றில் பறக்காது. செல்பேசியில் எழுதி வைத்துப் படிப்பது இந்நாள் வழக்கமாகி வருகிறது. நடுவில் அழைப்பு வந்தால் குறிப்பு மறைந்துவிடும். கேட்போரும் பேச்சாளர் வேறெதையோ பார்க்கிறார் என்று எண்ணுவர். எமக்கு அது உவப்பில்லை. எழுதி முடித்தபின் வீட்டில் ஒருவரை எதிரே அமர்த்தி ஒருமுறை வாய்விட்டுப் பேசிப் பார்த்துக் கடிகாரத்தைக் கவனிக்க. இருபத்தைந்து நிமிடக் குறிப்பு முதன்முறை நாற்பது நிமிடம் ஓடும். அப்போது வேகமாகப் பேச முயலாமல் இரண்டு செய்திகளை அடித்துவிடுக.

கூட்டம் முடிந்த அன்றிரவே, கேட்கப்பட்ட கேள்விகளையும் விடை சொல்ல இயலாதவற்றையும் வேறு நிற மையினால் ஓரத்தில் எழுதி, அட்டையை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைத்துவிடுதல் நன்று. அடுத்து அதே பொருள் பற்றிப் பேசுபவர் வேறொருவராக இருக்கலாம்; உறுப்பினர்கள் மாறுவர். புயல் பற்றிய அட்டையை மட்டும் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்திலேயே வெளியிலெடுத்து, தொலைபேசி எண்கள் மாறியுள்ளனவா, பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது, சென்ற ஆண்டுப் பட்டியலில் இருந்த முதியவர்களில் யார் யார் இப்போது எந்த வீட்டில் இருக்கின்றனர் என்பவற்றைத் திருத்தி எழுதிக் கொள்ளுதல் வேண்டும்.